அத்தையின் முன்சீட்டு

"சார், ஏறி உட்காருங்க சார்" என்றார் மோட்டார் சைக்கிளுக்குச் சீட்டு தைக்கும் கடைக்காரர்.

மாமா அத்தையைப் பார்த்தார்.

"ஓட்டுறது நான்தாங்க" என்றாள் அத்தை.

அவர் சிரித்தார். "தெரியும் மேடம். இப்பல்லாம் லேடீஸும் ஓட்டுறாங்க. என் மச்சினிச்சிகூட ஸ்கூட்டர் வெச்சிருக்கா. சும்மா ஒரு தடவை சார் உட்காரட்டும். அளவு அவருக்குத்தானே எடுத்தோம்?"

"யாருக்கு?"

"சாருக்கு."

"அவருக்கு எதுக்கு?"

"வண்டி அவர் வண்டிதானே மேடம்?"

அத்தை குனிந்து சீட்டைப் பார்த்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, முன்சீட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "முன்னாடி நல்லா ஏத்தியிருக்கோம். சார் உயரத்துக்கு முட்டி மடங்காம இருக்கும். இடுப்பு வலின்னு சொன்னாரு, அதுக்காகக் கெட்டி ஃபோம். நீங்க கேட்டதை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. பின்னாடி பாருங்க."

பார்த்தோம். பின்சீட்டு அகலமாகி இருந்தது. மெத்தென்று இருந்தது. சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு இருந்தது. நடுவில் சிவப்பு நூலில் பெரிய பூ ஒன்றைத் தைத்திருந்தார்கள்.

"லேடீஸ் உட்கார்ந்தா இறங்கவே மனசு வராது. அந்தப் பூ நானா போடச் சொன்னது. உங்களுக்காக."

"நான் என்ன கேட்டேன்?" என்றாள் அத்தை.

"சௌகரியமா உட்காரணும்னு கேட்டீங்க."

"ரெண்டு காலும் தரையில முழுசா படணும்னு கேட்டேன். முன்சீட்டை இறக்கணும், தொடைகிட்ட ஒடுக்கணும்னு கேட்டேன். இதே இடத்துல வண்டியில ஏறி உட்கார்ந்து, விரல்நுனி மட்டும்தான் படுதுன்னு காட்டினேன். நீங்க 'புரிஞ்சுது மேடம்'னு சொன்னீங்க."

"புரிஞ்சுது மேடம்" என்றார் அவர், இப்போதும். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "சார், நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன். அப்புறம் மேடமே ஒத்துப்பாங்க" என்றார்.

மாமா தெருவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ரெக்சின் சுருள்களைப் பார்த்தார். போகவில்லை. அத்தை ஏறி உட்கார்ந்தாள். வலது காலின் பெருவிரல் தரையைத் தேடித் தொட்டது. இடது கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"பழகிடும் மேடம்" என்றார் சீட்டுக்கடைக்காரர்.

நான் அப்போது அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை என் அப்பாவின் தங்கை. தராசு பழுதுபார்ப்பது அவள் வேலை. மளிகைக் கடை, இறைச்சிக் கடை, பழைய பேப்பர் கடை, மருத்துவமனையில் பிறந்த குழந்தையைக் கிடத்துகிற எடைமேடை, கிடங்குகளில் மூட்டை நிறுக்கும் பெரிய மேடை என்று எல்லாவற்றுக்கும் போவாள். எலக்ட்ரானிக் தராசு விற்கும் ஒரு கம்பெனிக்கு டெலிபோன் எடுக்கும் பெண்ணாகத்தான் சேர்ந்தாள். சர்வீஸ் ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நாளில், "ஒரு வாரம் சமாளிக்கிறேன்" என்று அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

தராசைச் சோதிக்க எடைக்கற்கள் வேண்டும். முத்திரை குத்திய இரும்புக் கற்கள். அவற்றைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் சரியாகக் காட்டும் தராசு மூலையில் பொய் சொல்லும் என்பாள். கற்களை வைக்க மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி பொருத்தியிருந்தாள். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லாத ஆள் கிடையாது. "ஸ்கூட்டர்ல இந்தக் கல்லை வெச்சா அது முன்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். நான் சர்க்கஸ் காட்டப் போறேனா?" என்று கேட்பாள்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார் வரலையா?"

"சார் வீட்டுல துணி காயப்போட்டுட்டிருக்காரு" என்பாள் அத்தை, பையை இறக்கி வைத்துக்கொண்டே. பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு வழி விடுவார்கள். சிலர் தராசைக் கழற்றும்வரை பக்கத்திலேயே நின்று, அவள் ஸ்க்ரூவைத் தொலைத்துவிடுவாள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தை அவர்களிடமும் சிரிப்பாள். எனக்குப் பார்க்கவே எரியும். "சிரிக்காம போனா 'அந்தம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குது, வேற ஆளை அனுப்புங்க'ன்னு ஆபீசுக்குப் போன் போடுவாங்க. சிரிப்பும் டூல்ஸ்தான், ஸ்பேனர் மாதிரி" என்று சொல்லியிருக்கிறாள்.

மாமா துணி காயப்போடுவது பொய்யில்லை. அவர் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். நெட்டையான, வாயே திறக்காத மனிதர். அத்தை அவரை ஒட்டடைக் குச்சி என்பாள். கோபம் வந்தால் சைலன்சர் என்பாள். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே எங்கேயோ விழுந்து எழுந்ததோடு கைப்பிடியைத் தொடுவதையே விட்டுவிட்டார். தினமும் காலையில் அத்தைதான் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் மருந்துக் கடையில் இறக்கிவிடுவாள். ஆனால் தெருவில் யாராவது, "சார், வண்டியைப் பளபளன்னு வெச்சிருக்கீங்களே" என்றால், "ஆமாங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். துடைப்பது அவர்தான் என்பதால் அதுவும் முழுப் பொய்யில்லை.

முந்தின வருடம் அத்தைக்கு இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது வண்டியின் பாரம் இடது பக்கம் சாய்ந்தால் விரல்நுனியால் தாங்க முடியவில்லை. அத்தை குள்ளம் வேறு. வேலைக்குத் திரும்பிய புதிதில் கிடங்கு வாசலில் நின்றபடியே, கற்களோடு, வண்டியோடு சாய்ந்துவிட்டாள். பெரிய அடியில்லை. யாரோ படம் எடுத்து அது கம்பெனி மேலாளர் வரைக்கும் போய்விட்டது.

மேலாளர் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினார். அத்தை போனை என்னிடம் நீட்டினாள். ஊழியர் நலன் என்று இருந்தது, பாதுகாப்பு என்று இருந்தது, பொறுப்புகளை மறுபரிசீலனை செய்வது என்று இருந்தது. எவ்வளவு பதமான வார்த்தைகள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சுருக்கமா சொல்லு" என்றாள்.

"இன்னொரு தடவை விழுந்தா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, உங்களைத் திரும்ப டெலிபோன்ல உட்கார வெச்சுடுவாங்க அத்தை."

அவள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "அந்த நாற்காலிக்கு நான் போகமாட்டேன்" என்றாள்.

முட்டியைப் பார்த்த மருத்துவர் ஒரே ஒரு வழிதான் சொன்னார். வண்டி நிற்கும்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். அதற்குச் சீட்டை வெட்டி இறக்க வேண்டும். மற்ற கடைகளில் எல்லாம் உறைதான் மாற்றுவார்கள். ஃபோமை வெட்டி ஆளுக்கேற்ற மாதிரி செய்கிற கடை எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அத்தை அங்கே போய், சிரித்துப் பேசி, உட்கார்ந்து காட்டி, வண்டியை விட்டுவிட்டு வந்தாள். "டேப்பை எங்கேயோ வெச்சுட்டோம் மேடம், அப்புறம் அளந்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் கடைக்காரர். மறுநாள் போன். அத்தை ஏதோ கிடங்கில் மேடைத் தராசுக்கு அடியில் படுத்திருந்தாள். "நீங்க வர வேணாம் மேடம், சாரை அனுப்புங்க போதும்" என்றாராம். ரெக்சின் நிறம் கேட்கத்தான் என்று நினைத்து மாமாவை அனுப்பினாள். மருந்துக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்தக் கடை.

பூப்போட்ட சீட்டோடு வீட்டுக்கு வந்த சாயங்காலம் மாமாவிடம் விசாரணை நடந்தது. மாமா பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். நான் ஆட்டோவில் வந்திருந்தேன்.

"அவன் ஏறுங்கன்னா ஏறிடுவீங்களா?"

"வண்டி ஆடாம பிடிச்சுக்கத்தான் சொல்றாருன்னு நினைச்சேன்."

"டேப்பை வெச்சு உங்க காலை அளந்தானே, அப்பவும் வண்டி ஆடுதுன்னு நினைச்சீங்களா?"

"மும்முரமா அளந்துக்கிட்டிருந்தாரு. குறுக்க பேச வேணாம்னு…"

"இடுப்பு வலின்னு வேற சொல்லியிருக்கீங்க."

"வலி இருக்கான்னு கேட்டாரு. இருந்துச்சு, சொன்னேன்."

"என் சீட்டுக்கு உங்க இடுப்பு எதுக்குங்க?"

மாமா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அவளுடைய கோபம் மாமா மேல் தங்கவில்லை. "இவர்கிட்ட யார் கையை நீட்டினாலும் மாத்திரையைக் குடுத்துடுவாரு, அது இவர் சுபாவம். அவனுக்கு என்ன வந்தது? நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினானே! காது இருந்துச்சுல்ல?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

மறுநாள் அத்தை மறுபடி போனாள். மறுபடி சிரித்துக்கொண்டே கேட்டாள். பழைய சீட்டையாவது கொடுங்கள், எப்படியோ ஓட்டிக்கொள்கிறேன் என்றாள். பழைய ஃபோமை உருவித்தான் பின்சீட்டில் சேர்த்துத் தைத்தோம் என்றார். அந்த மாடல் வண்டியும் வருவதில்லை, அதற்குச் சீட்டும் வருவதில்லை. "நாளைக்கு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார். நாளைக்குப் போனால் வெட்டுகிற ஆள் லீவு. அதற்கடுத்து ஃபோம் வரவில்லை. அதற்கும் அடுத்து, அவரே இல்லை. கடைக்குள்ளே அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. அத்தை போன் செய்தால் எடுக்கமாட்டார். மாமாவுக்கு மட்டும் அவரே கூப்பிடுவார்.

"சார், கொஞ்சம் மேடத்தைச் சமாதானப்படுத்துங்க சார். தொழில் பண்ற இடத்துல வந்து நிக்கிறாங்க. நாலு பேர் பார்க்கிறாங்கல்ல?"

மாமா அதை அப்படியே வந்து ஒப்பிப்பார். ஒளிக்கத் தெரியாது. நான் அந்தப் போனைப் பிடுங்கிப் பேசியிருக்க வேண்டும் என்று பல தடவை மனதுக்குள் பேசிப் பார்த்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பார்த்தேன். இரண்டிலும் நன்றாகத்தான் வந்தது. என் சுபாவம் அதோடு நின்றுவிடுகிற சுபாவம்.

அந்த நாட்களில் அத்தை கற்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஒரே கடைக்கு இரண்டு நடை போய்வந்தாள். நிறுத்த வேண்டிய இடமெல்லாம் நடைபாதை ஓரமாகப் பார்த்து, விளிம்புக் கல்மேல் கால் ஊன்றி நிறுத்தினாள். சாயங்காலம் வந்து முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்காருவாள். வலிக்கிறதா என்று கேட்டால், "அவனை நினைச்சாத்தான் வலிக்குது" என்பாள்.

கடைசியில் ஒருநாள், "ரெடி மேடம்" என்று அவளுக்கே போன் வந்தது. மாற்றியிருந்தார்கள். முன்சீட்டின் உறையைப் பிரித்து, கத்தியால் மேலாக இரண்டு சீவு சீவி, அதே உறையைத் திரும்ப இழுத்து அடித்திருந்தார்கள். ஃபோம் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். உறை தொளதொளவென்று மடிப்பு விழுந்து கிடந்தது. உட்கார்ந்தால் வழுக்கிப் பெட்ரோல் டேங்கில் போய் இடித்தது. இடது கால் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

"முன்னைக்கு இப்ப பரவாயில்லல்ல?" என்று கேட்டாராம்.

மறுநாள் காலை சந்தை முனையில், முழுப் பாரத்தோடு, அத்தை பிரேக் பிடித்த வேகத்தில் முன்னால் வழுக்கினாள். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்னை ஆபீசில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அந்தப் பூப்போட்ட மெத்தையில் எனக்கு ஒரு குலுங்கல்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. ஓட்டுகிறவள் விழப்போகிறாள், பின்னால் இருப்பவளுக்குச் சொகுசு.

அத்தை மூட்டைக்காரருக்கு நன்றி சொன்னாள். ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

"உனக்கு இன்னைக்கு லேட்டானா பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல அத்தை."

வண்டி நேராகச் சீட்டுக்கடைக்குப் போனது. கடை வாசலில் வண்டி ஏற்றச் சரிவு போட்டிருப்பார்கள். அத்தை நிறுத்தவில்லை, சரிவில் ஏறி, ரெக்சின் சுருள்களுக்கு நடுவே போய், வெட்டுகிற மேசையோடு வண்டியை ஒட்டிச் சாய்த்து இஞ்சினை அணைத்தாள். நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை. இப்போது அந்த மேசையில் யாரும் எதையும் வெட்ட முடியாது. தையல் மெஷினில் இருந்தவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். உறை மாற்ற வந்திருந்த இரண்டு மூன்று பேர் பெஞ்சியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம், இது கடை" என்றார் சீட்டுக்கடைக்காரர்.

"அதனாலதான் வந்தேன். கோயிலா இருந்தா கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்."

"இறங்குங்க, பேசிக்கலாம்."

"இறங்கினா நீங்க காணாமப் போயிடுவீங்க. நான் உட்கார்ந்திருக்கும்போதே அளவெடுங்க."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. கஸ்டமர்ஸ் இருக்காங்க."

"அப்ப நான் யாரு? கரண்ட் பில் கேக்க வந்தவளா?" அத்தையின் குரல் ஏறியது. அவள் குரல் அந்த உயரத்துக்குப் போய் நான் அதுவரை கேட்டதில்லை. "சந்தை முனையில விழப்போனேன். எவனோ ஒருத்தன் மூட்டையைப் போட்டுட்டு ஓடி வந்து பிடிச்சான். அவனுக்குத் தெரியுது நான் விழறேன்னு. வாரக்கணக்கா காட்டிக்கிட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியல!"

"காசை வேணா திருப்பித் தர்றேன் மேடம். பிரச்சினை வேணாம்."

"காசுமேலயா நான் உட்கார்ந்து ஓட்டுவேன்? சீட்டைக் குடுங்க!"

அவர் அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். போனை எடுத்து, எங்கள் எதிரிலேயே மாமாவைக் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் உடனே வாங்க. உங்க வீட்டுல இங்க வந்து சத்தம் போடுறாங்க." பிறகு பெஞ்சியில் இருந்தவர்களைப் பார்த்து, 'என்ன செய்ய, இப்படியும் சிலர்' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒருவர் பங்கு எடுத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் காலணியைப் பார்த்தார். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மாமா மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"வாங்க சார்" என்றார் சீட்டுக்கடைக்காரர், நீதிபதி வந்துவிட்ட நிம்மதியோடு. "நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. முதல்ல நான் செஞ்சு குடுத்த சீட்டு உங்க உடம்புக்குச் சரியா இருந்துச்சா இல்லையா?"

"இருந்திருக்கும்ங்க" என்றார் மாமா.

"கேட்டுக்குங்க மேடம்."

"ஆனா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

தையல்காரர் நிமிர்ந்தார். பெஞ்சியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.

"என்ன சார் சொல்றீங்க?"

"தெரியாதுங்க. என்னைக்கும் ஓட்டினதில்ல. வண்டி அவங்களுது. நான் பின்னாடி உட்கார்ந்து போறவன்." மாமாவின் காது சிவந்துபோயிருந்தது. தெருக்காரர்களிடம்கூட ஒப்புக்கொள்ளாததை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், "பின்சீட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"இப்ப அது ரொம்ப முக்கியம்!" என்றாள் அத்தை.

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். சீட்டுக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு ஆதரவாகப் பேச வந்த ஆளே கைவிட்டுவிட்டதில் முகம் தொங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, மாமாவிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். "சார், நீங்களே யோசிச்சுப் பாருங்க. லேடீஸ் காலுல டேப்பை வெச்சு நான் எப்படி சார் அளக்கிறது? தப்பா எடுத்துக்குவாங்க. அதான் உங்களை வரச் சொன்னேன்."

அதுதான் விஷயம். ஒரு டேப்பை நீட்டி, "நீங்களே அளந்து சொல்லுங்க" என்று கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மறைக்க ஒரு முழுச் சீட்டையே வேறு ஒருவருக்காகச் செய்து, அதில் பூவும் போட்டு, வாரக்கணக்கில் பொய்யும் சொல்லியாயிற்று.

அத்தை சத்தம் போடவில்லை. அதுவரை போட்டதெல்லாம் சத்தமே இல்லை என்பதுபோல மெதுவாகக் கேட்டாள். மரியாதையும் போய்விட்டிருந்தது.

"என் காலை அளக்க உனக்குக் கூச்சம். சரி. நான் நடுரோட்டுல விழுந்து கிடந்தா இந்தக் காலை யார் தூக்குவாங்கன்னு யோசிச்சியா? தராசுக்கடியில படுத்து, எண்ணெயில புரண்டு, ஊரெல்லாம் சார் எங்க, சார் எங்கன்னு கேக்கறதுக்குப் பல்லைக் காட்டி, இந்த வேலையை வெச்சிருக்கேன். உன் கூச்சத்துக்கு நான் அதை விடணுமா? டேப்பை எடு."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தையல்காரர்தான் எழுந்து வந்து, தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை ஒரு முனையைத் தன் இடுப்பருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தொங்கவிட்டாள். மாமா வெள்ளைக் கோட்டோடு தரையில் மண்டியிட்டு, அந்த முனையை அவள் குதிகாலில் வைத்துப் பிடித்தார்.

"கெண்டைக்கால்ல இல்லங்க, குதிகால்ல."

"குதிகால்லதான் வெச்சிருக்கேன்."

"நிமிர்ந்து பாருங்க, டேப் முறுக்கிக்கிட்டிருக்கு."

முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. சரிசெய்தார். அத்தை அளவைச் சொன்னாள். பிறகு முட்டிவரைக்கும் ஒன்று, சீட்டின் அகலம் ஒன்று. தையல்காரர் சாக்கட்டியால் மேசை விளிம்பில் குறித்துக்கொண்டார். சீட்டுக்கடைக்காரர் யாருக்கோ போன் செய்வதுபோல வாசலில் நின்றுவிட்டார்.

பிறகுதான் அத்தை இறங்கினாள். சீட்டைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, உறையை உரித்து, மேடுபள்ளமான ஃபோமைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டி வெட்டினார் தையல்காரர். வெட்டியதை வெறும் ஃபோமாகவே வண்டியில் வைத்து அத்தை உட்கார்ந்து பார்த்தாள். இறங்கினாள். இன்னும் கொஞ்சம் சீவினார். மறுபடி உட்கார்ந்தாள். தொடைப் பக்கம் ஒடுக்கச் சொன்னாள். ஒடுக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. மாமா கடைக்குத் திரும்பிப் போகவில்லை. நானும் ஆபீஸ் போகவில்லை. கடைசியாக உட்கார்ந்தபோது அத்தையின் இரண்டு பாதமும், குதிகாலோடு, தரையில் பதிந்தன. அத்தை வண்டியை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். கால் தாங்கியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். தாங்கியது. அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை, அவ்வளவுதான் என்கிற முகம்.

கறுப்பு ரெக்சினில் உறை தைத்து மாட்டினார்கள். கிளம்பும்போது சீட்டுக்கடைக்காரர் வந்தார்.

"பாருங்க மேடம், எவ்வளவு சுலபமா முடிஞ்சுது. இதையே முதல்ல கோபப்படாம பொறுமையா சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே செஞ்சு குடுத்திருப்பேன்."

பழக்கதோஷத்தில் என் வாயில் 'நன்றி' வந்து நின்றிருந்தது. விழுங்கிக்கொண்டேன். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வண்டியைச் சரிவில் இறக்கி, வாசலில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, "ஏறுங்க" என்றாள் மாமாவிடம், தெரு முழுக்கக் கேட்கும்படி. மாமா ஏறினார்.

சில நாள் கழித்து மேலாளர் ஒரு நாள் முழுக்க அத்தையின் பின்னாலேயே காரில் வந்து பார்த்தார். எல்லா சிக்னலிலும் பார்த்தார், கிடங்கு வாசலிலும் பார்த்தார். மறுபடி ஆங்கிலத்தில் செய்தி வந்தது. ஏரியாவை மாற்றும் யோசனை இப்போதைக்கு இல்லை என்று இருந்தது. 'இப்போதைக்கு' என்பதை நான் மொழிபெயர்க்காமல் விட்டேன். நான் தாண்டியதைக் கவனித்து, அவளே அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். "இருக்கட்டும். நானும் இப்போதைக்குத்தான் பதில் போடல" என்றாள்.

அத்தை இன்றைக்கும் அதே ஏரியாவில்தான் தராசு பார்க்கிறாள். சீட்டுக் கதை எங்கள் குடும்பத்தில் பெரிய சிரிப்புக் கதையாகிவிட்டது. உறவுக்காரர்கள் கூடினால் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். "அண்ணி வண்டியோட கடைக்குள்ள பூந்துட்டாங்களாமே!" என்பார் ஒருவர். "இவங்க போட்ட சத்தத்துல கடைக்காரன் ஃபோம் மாதிரி ஆயிட்டானாம்" என்பார் இன்னொருவர். மாமாவும் வாய் திறந்து இரண்டு வரி சேர்ப்பார். வருடத்துக்கு ஒரு தடவை அவர் கதை சொல்கிறார் என்றால் அது இதுதான். அத்தையைப் போல ஒருத்தர் கத்திக் காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அத்தைகிட்ட வெச்சுக்காதீங்கப்பா" என்று முடியும். அந்தக் கதையில் டேப் இருக்காது, சந்தை முனை இருக்காது, கடைக்காரர் மாமாவுக்கு மட்டும் போன் செய்ததும் இருக்காது. அத்தை கடைக்குள் புகுந்த இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கும்.

அப்படி ஒருநாள் எல்லோரும் கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை அடுப்படியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரோ அவள் குரலில் "காசுமேலயா உட்கார்ந்து ஓட்டுவேன்!" என்று கத்தினார்கள். அத்தை குழாயை மூடினாள்.

"நீ எழுதுவேல்ல, ரெண்டு பாஷையிலயும்?" என்றாள்.

"எப்பவாவது, அத்தை."

"என்னைக்காவது இதை எழுதினா, நான் கத்தினேன்னு எழுது. மறைக்க வேணாம், கத்தினேன்தான். ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை தடவை சிரிச்சுக்கிட்டே கேட்டேன், அதையும் ஒண்ணுவிடாம எழுது."